பம்ப் சுற்றுகிறது, தண்ணீர் ஓடவில்லை

போன மாதம் முழுக்க இந்தப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லையே, உடம்புக்கு ஏதாவதா என்று மூன்று நண்பர்கள் தொலைபேசியில் கேட்டுவிட்டார்கள். எனக்கு ஒன்றுமில்லை. காய்ச்சல் என் கணினிக்கு. போட்டுப் பத்து நிமிடம் ஆனதும் விசிறிகள் பேரிரைச்சல் போடும். இன்னும் இரண்டு நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். இது 2025 மே மாதம், புதுவையில் வெயில் கொளுத்திய நாட்களில்.

என் பேரன் படிப்புக்காக லியோனுக்குப் போனபோது எனக்கு விட்டுச்சென்ற பெட்டி இது. விளையாட்டுக்காக அவன் ஆசைப்பட்டு வாங்கியது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே நடுவில் ஒரு வட்டமான டப்பா, அதிலிருந்து இரண்டு கறுப்பு ரப்பர் குழாய்கள். முதல்முறை பார்த்தபோது, "என்னடா இது, ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றுகிற மாதிரி இருக்கிறதே" என்றேன். "தண்ணீர் ஓடுது தாத்தா, மூளை சூடாகாமல் இருக்க" என்றான். மின்சாரப் பெட்டிக்குள் தண்ணீரா! அன்று முதல் அதை நான் கொஞ்சம் பயத்தோடுதான் துடைத்து வந்தேன்.

கெட்டுப்போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று சும்மா இருந்திருப்பேன். ஆனால் அதற்குள் என் தகப்பனாரின் சைகோன் கடிதங்கள் இருந்தன. மொத்தம் 61. பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலுமாக என் பாட்டிக்கு எழுதியவை. பேரன் ஒரு விடுமுறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்தான். மூலக் கடிதங்கள் டிரங்குப் பெட்டியில் இருந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் தெரு என்ன ஆனது என்பது உள்ளூர் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணினியைத் தூக்கி மேலே வைக்கத் தோன்றிய எனக்கு, கட்டிலடியில் இருந்த டிரங்குப் பெட்டியைத் தூக்கத் தோன்றவில்லை. காலையில் திறந்தால், மை கரைந்த கூழ்.

பழுது பார்க்கும் கடையில், "மதர்போர்டு போயிருக்கும் சார், மாற்றிவிடலாம்" என்றார்கள். சரி என்று சொல்லும் முன் பேரனைக் கேட்டேன். அவன் பதறிவிட்டான். வட்டில் உள்ளதைப் பூட்டி வைத்திருக்கிறானாம். அந்தப் பூட்டின் சாவி தாய்ப்பலகையிலேயே இருக்கிறதாம். பலகையை மாற்றினால் மாற்றுச் சாவியாக ஒரு நீண்ட எண் கேட்கும். அதை எங்கே எழுதி வைத்தான் என்று அவனுக்கே நினைவில்லை. ஆகவே இந்த இயந்திரம், இதே பலகையோடு, ஒரு மணி நேரமாவது அணையாமல் ஓடியாக வேண்டும்.

நான் பொதுப்பணித்துறையில் குடிநீர்ப் பிரிவில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த விஷயத்தையும் முன் கோப்பைப் பார்க்காமல் தொடமாட்டேன். கணினிக்குள் தண்ணீர் எப்போது வந்தது, வந்து என்னென்ன தொல்லை கொடுத்தது என்று முதலில் படித்தேன்.

நாங்கள் பள்ளியில் படித்த மொழியில் கணினிக்குப் பெயர் ‘ஓர்தினத்தேர்’. 1955-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை புதிய இயந்திரத்துக்குப் பெயர் கேட்டபோது, சோர்போனில் லத்தீன் கற்பித்த ஜாக் பெர்ரே கடிதம் எழுதிக் கொடுத்த சொல் அது. உலகை ஒழுங்குபடுத்தும் கடவுளைக் குறிக்கப் பழைய அகராதியில் இருந்த சொல். அந்தக் கடவுளுக்கும் சூடு ஏறும் என்பதை அவர் யோசித்திருக்கமாட்டார். 1946-இல் பிலடெல்ஃபியாவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் இயந்திரத்தில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள். 150 கிலோவாட் மின்சாரம் தின்றது. அவ்வளவும் கடைசியில் வெப்பம்தானே. பெரிய விசிறிகள் வைத்துக் காற்றடித்தே சமாளித்தார்கள்.

காற்றுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரே கொள்ளளவுக்குக் கணக்குப் பார்த்தால் தண்ணீர் காற்றைவிட 3,000 மடங்குக்கு மேல் வெப்பத்தைச் சுமக்கும். ஐ.பி.எம். 1960-களிலேயே தன் மிகப் பெரிய இயந்திரங்களில் தண்ணீரைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் முதலில் தண்ணீரைச் சில்லுகளின் பக்கமே விடவில்லை. பலகைகளுக்கு நடுவே குழாய்களை வைத்து, அங்கே வீசும் காற்றைக் குளிர்வித்தார்கள். 1980-இல் அறிவித்த 3081 இயந்திரத்தில்தான் தண்ணீர் நெருங்கி வந்தது. அதன் அமைப்பைப் படித்தபோது எனக்கு மரியாதையே வந்துவிட்டது. 9 சென்டிமீட்டர் சதுரப் பீங்கான் தட்டு. அதில் 33 அடுக்குகள். மேலே 100-க்கும் மேற்பட்ட சில்லுகள். ஒவ்வொரு சில்லின் தலையிலும் ஸ்பிரிங் வைத்த ஓர் அலுமினிய உருளை மெல்ல அழுத்திக்கொண்டிருக்கும். இடைவெளியில் ஹீலியம் வாயு, ஏனென்றால் அது காற்றைவிடப் பல மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். எல்லாவற்றுக்கும் மேலே மூடி போட்ட மாதிரி ஓர் உலோகத் தட்டு, அதற்குள்தான் தண்ணீர். மின்சாரம் ஓடும் எதையும் தண்ணீர் தொடவே தொடாது. இப்படி ஒரு தொகுதி 300 வாட் வெப்பத்தைத் தாங்கியது. ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்ற இயந்திரத்தின் கணக்கு அது. இன்று பேரனைப் போன்ற பையன்கள் வாங்கும் ஒற்றைச் சில்லு 250 வாட் வரை போகிறது.

ஐ.பி.எம்.மின் வழி அலுவலக வழி, எதற்கும் முன்னெச்சரிக்கை. சீமோர் க்ரே என்ற அமெரிக்கரின் வழி வேறு. அவருடைய க்ரே-1 இயந்திரம் 1976-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்குப் போனது. ஆங்கில ‘சி’ எழுத்து வடிவில் நிற்கும். சுற்றிலும் மெத்தை தைத்த இருக்கை. அதன் கீழே மின்வழங்கிகள். 115 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அவர் தண்ணீரை விட்டுவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஓடும் ஃப்ரியானைக் கையில் எடுத்தார். அலுமினியச் சட்டங்களுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்கள், அவற்றில் ஃப்ரியான். டீன் ரவுஷ் என்ற குளிர்பதனப் பொறியாளர் அமைத்தது.

அது முதலில் ஓடவில்லை! கணக்குப் போடும் பகுதியில் குறை ஒன்றுமில்லை. ஃப்ரியானோடு கம்ப்ரஸருக்காக எப்போதும் கொஞ்சம் மசகெண்ணெய் கலந்திருக்கும். அந்த எண்ணெய் இணைப்புகளின் வழியே கண்ணுக்குத் தெரியாத பனிபோலக் கசிந்தது. பலகைகளின் மேல் நாள்பட நாள்படப் படிந்து, ஒரு கட்டத்தில் மின்சுற்றைக் குறுக்கியது. சொட்டினால் பார்த்திருப்பார்கள், இது சொட்டவில்லை. காரணம் தெரிந்த பிறகு புதிய பற்றவைப்பு முறை ஒன்றை உருவாக்கிக் குழாய்களை அடைத்தார்கள். உலகத்திலேயே வேகமான கணினி அரை ஆண்டு தாமதமானது, எந்தச் சமன்பாட்டாலும் அல்ல, ஒரு பற்றவைப்பால். எங்கள் பிரிவில் இருந்த ஃபிட்டர்கள் இதைப் படித்தால் மீசையை முறுக்கியிருப்பார்கள்.

1985-இல் வந்த க்ரே-2 இன்னும் துணிச்சல். பலகைகளை அடுக்கி நெருக்கி வைத்ததில் குழாய் நுழைய இடமில்லை. சரி என்று மொத்த இயந்திரத்தையும் ஒரு திரவத்தில் முக்கிவிட்டார். ஃப்ளூரினெர்ட் என்று பெயர். மின்சாரம் கடத்தாது, நிறமில்லை. கண்ணாடிக் கோபுரங்களில் அது குமிழியிட்டு விழுவதைப் பார்த்தவர்கள் ‘பபிள்ஸ்’ என்று செல்லப்பெயர் வைத்தார்கள். கசிவு பற்றிய பயமே இல்லை, ஏனென்றால் எல்லாம் ஏற்கெனவே நனைந்துதான் இருக்கிறது. ஆனால் ஒரு பலகையைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் முழுத் திரவத்தையும் பக்கத்துத் தொட்டிக்கு இறக்க வேண்டும். கிணற்றை இறைத்துவிட்டு வாளி தேடுகிற வேலை. அந்தத் திரவக் குடும்பம் சுற்றுச்சூழலில் அழியாது என்று பின்னாளில் தெரிந்தது. தயாரித்த 3எம் நிறுவனமே அவ்வகைப் பொருட்களை 2025 இறுதிக்குள் நிறுத்துவதாக 2022-இல் அறிவித்தது.

இடையில் ஒரு செய்தி. 1980-களின் முடிவில் நம் நாடும் வானிலைக் கணிப்புக்கென ஒரு க்ரே இயந்திரம் வாங்கி டெல்லியில் வைத்தது. அமெரிக்கா எளிதில் கொடுக்கவில்லை. கேட்டதைவிடச் சிறியதைத்தான் கொடுத்தது. அந்த மனக்கசப்பும் சேர்ந்துதான் 1988-இல் புனேயில் சி-டாக் நிறுவனம் பிறந்து, 1991-இல் பரம் 8000 வந்தது.

பிறகு 1990-களின் நடுவில் ஒரு வேடிக்கை நடந்தது. சீமாஸ் என்ற குறைந்த மின்சாரம் போதும் சில்லுகள் வந்ததும் பெரிய இயந்திரங்களிலிருந்து தண்ணீர் காணாமல் போயிற்று. ஐ.பி.எம். திரும்பவும் விசிறிக்குப் போனது. குழாய் வேலை தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றார்கள். பத்துப் பதினைந்து ஆண்டில் அந்தச் சில்லுகளும் சூடேறின, 2008-இல் ஐ.பி.எம். மறுபடி தண்ணீரோடு வந்தது. இப்போது பிரெஞ்சு ‘புல்’ பரம்பரையில் வந்த பெருங்கணினிகள் 40 டிகிரி வரை சூடான தண்ணீரையே உள்ளே விட்டு வேலை வாங்குகின்றன. (புல் என்றால் மாடு மேயும் புல் அல்ல, ஒரு நார்வேக்காரரின் பெயர். பிரெஞ்சுக்காரர்கள் ‘ப்யுல்’ என்பார்கள்.) 2024 செப்டம்பரில் புனேயிலும் நொய்டாவிலும் வானிலைக்காகத் தொடங்கிவைக்கப்பட்ட அர்கா, அருணிகா இரண்டும் அந்தக் குடும்பம்தான்.

வீட்டுக் கணினிக்குள் தண்ணீர் வந்த கதை தனி. அதைத் தொடங்கியவர்கள் பொறியாளர்கள்கூட அல்ல, பையன்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மீன்தொட்டிப் பம்பையும், பழைய காரின் ஹீட்டர் கோரையும் ரப்பர் குழாயால் இணைத்துச் செய்து பார்த்தார்கள். நிறுவனங்கள் பிறகு வந்தன. 2004-இல் ஆப்பிள் தன் பவர் மேக் ஜி5-இன் மிக வேகமான மாதிரிக்குள் திரவக் குளிர்விப்பை வைத்து விற்றது. சில ஆண்டுகளில் பல இயந்திரங்களில் அது கசிந்து, அடித்தட்டில் இருந்த மின்வழங்கியில் இறங்கியது. அதன் பிறகுதான் பம்பையும் செம்புத் தட்டையும் ஒரே டப்பாவில் வைத்து, தொழிற்சாலையிலேயே நிரப்பி, நிரந்தரமாக மூடிய அமைப்புகள் பரவின. என் கணினியில் இருந்தது அந்த வகை.

மூடிவிட்டால் தொல்லை இல்லை என்று நினைக்கக் கூடாது. இந்த அமைப்புகளில் பெரும்பாலும் சில்லின் மேல் செம்பு, வெப்பத்தை வெளியே விடும் ரேடியேட்டரில் அலுமினியம். இரண்டு வேறு உலோகங்கள், நடுவே திரவம் என்றால் அது ஒரு மின்கலம். இளைத்த உலோகம் அரிபடும். இதை மனிதர்கள் கற்றுக்கொண்டது கடலில். 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை ‘அலார்ம்’ என்ற கப்பலின் அடிப்பாகத்துக்குச் செம்புத் தகடு அடித்தது. (அந்த ஆண்டு ஜனவரியில்தான் லாலி புதுச்சேரியை அவர்களிடம் ஒப்படைத்தார், எனக்கு 1761 என்றாலே கை கொஞ்சம் நடுங்கும்.) இரண்டு ஆண்டு கழித்துக் கப்பலை ஏற்றிப் பார்த்தால் தகட்டை அடித்த இரும்பு ஆணிகள் இற்றுப்போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் நன்றாக இருந்தன. ஏனென்று பார்த்தார்கள். தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அந்த இடங்களில் கிழியாமல் நடுவே கிடந்திருந்தது. கால்வானி தவளைக்காலை ஆராய்வதற்கு முன்பே பழுது பார்த்த தச்சர்கள் விடையைக் கண்டுவிட்டார்கள். கணினித் திரவத்தில் இன்று கலக்கும் அரிப்புத் தடுப்பு மருந்து அந்தப் பழுப்புக் காகிதத்தின் வேலையைத்தான் செய்கிறது. மருந்து தீர்ந்தால் அரித்த தூள் போய்ச் செம்புத் தட்டில் உள்ள மயிரிழை போன்ற வாய்க்கால்களை அடைக்கும்.

இவ்வளவும் படித்துவிட்டு என் பெட்டியின் முன் உட்கார்ந்தேன். எங்கள் புகார்ப் பதிவேட்டில் அதிகம் எழுதியிருப்பேன் என்றால் இந்த ஒரு வரியை: "மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை." மேஸ்திரி ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். முதலில் மோட்டார் சுற்றுகிறதா என்று பார், பிறகு குழாயைத் தொட்டுப் பார், கடைசியில்தான் பள்ளம் தோண்டு.

பேரன் தொலைபேசியில் வழிகாட்ட, கணினி எழும்போதே ஒரு விசையை அழுத்தி அதன் உள்திரைக்குப் போனேன். பம்பின் சுற்று நிமிடத்துக்கு 2,400 என்று காட்டியது. சில்லின் சூடு கண் முன்னே 70, 80, 93 என்று ஏறியது. ஆக மோட்டார் சுற்றுகிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு ரப்பர் குழாய்களையும் இரு கைகளால் பிடித்தேன். ஒன்று டப்பாவுக்குப் பக்கத்தில் மட்டும் சுட்டது. ஒரு சாண் தள்ளி ஆறிக் கிடந்தது. மற்றது முழுக்கக் குளிர்ச்சி. ரேடியேட்டர் தொட்டால் சில். சூடு கிளம்பிய இடத்திலேயே நிற்கிறது. தண்ணீர் அதைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஈரம் எங்கேயும் இல்லை, பிசுபிசுப்பும் இல்லை. அப்படியானால் அடைப்பு, இல்லையென்றால் காற்று. காதை வைத்துக் கேட்டேன். டப்பாவுக்குள் கறகறவென்று ஒரு சத்தம். நான் அதை ஆயிரம் வீட்டு மோட்டார்களில் கேட்டிருக்கிறேன். ஏர் பிடித்த மோட்டாரின் சத்தம்.

காற்று எங்கிருந்து வந்தது? மூடிய குழாயானாலும் ரப்பரின் வழியே ஆண்டுக்கணக்கில் தண்ணீர் ஆவியாகிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். குறைந்த இடத்தில் காற்று. அது எப்போதும் உச்சிக்குப் போய் நிற்கும். இந்தப் பெட்டியில் ரேடியேட்டரைக் கூரையில் மாட்டியிருந்தார்கள், அதனால் காற்று அங்கே போய்ச் சாதுவாக உட்கார்ந்திருந்தது. அதைக் கெடுத்தவன் நான்தான். வெள்ளத்துக்குப் பயந்து கணினியை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றினேன் அல்லவா? நிமிர்த்தி வைக்க உயரம் போதவில்லை. கண்ணாடி உடையக் கூடாதென்று போர்வை விரித்து, கண்ணாடிப் பக்கம் கீழே இருக்கும்படி படுக்கவைத்தேன். வெள்ளம் வடிந்து ஆறு மாதமாகியும் அப்படியே வைத்துக் கம்பிகளை நீட்டி வேலை செய்துகொண்டிருந்தேன். தாய்ப்பலகை மேலே போய்விட்டது. அதில் மாட்டிய பம்ப் குழாய் வழியின் உச்சிக்கு வந்துவிட்டது. காற்று தன் இயல்புப்படி அங்கே ஏறியது. மே மாத வெயிலில் மிச்சமும் முடிந்தது.

வீட்டு மோட்டாராக இருந்தால் மூடியைத் திறந்து ஒரு குவளை தண்ணீர் ஊற்றுவோம். இதில் மூடியே கிடையாது. பெட்டியை இறக்கி நிமிர்த்தி வைத்தேன். போட்டுவிட்டு, மருமகள் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, முன்னும் பின்னும் மெல்லச் சாய்த்தோம், குழந்தைக்கு ஏப்பம் வரவைப்பது போல. இரண்டு முறை ஒன்றுமில்லை. மூன்றாவது முறை களக்களக்கென்று ஒரு சத்தம், ரப்பர் குழாய் என் விரலுக்குள் ஒரு துடிப்புத் துடித்தது. திரையில் 91. பிறகு 74. பிறகு 52. ரேடியேட்டர் வெதுவெதுப்பானது. மருமகள், "மாமா, கையை எடுங்க, சுடும்" என்றாள். எனக்கு எடுக்க மனமில்லை.

இது நிரந்தரம் அல்ல என்று பேரன் அங்கிருந்து எச்சரித்தான். குறைந்த தண்ணீர் குறைந்ததுதான். அன்று மாலையே 61 கடிதங்களையும் இரண்டு தனி வட்டுகளில் எடுத்துவிட்டேன். ஒன்று என்னிடம், ஒன்று மகள் வீட்டில். பூட்டின் மாற்றுச் சாவி எண்ணை அவன் எடுத்துச் சொல்ல, நான் தாளில் எழுதிப் பத்திரம் வைக்கும் உறையில் போட்டேன். மறுவாரம் பையன் ஒருவன் வந்து தண்ணீர் அமைப்பைக் கழற்றிவிட்டு, உலோகத் தகடுகள் அடுக்கி விசிறி வைத்த சாதாரணக் குளிர்விப்பானை மாட்டினான். கொஞ்சம் இரைச்சல்தான்.

கழற்றியதை அவன் குப்பையில் போடப் போனான். நான் வாங்கிக் காதருகே வைத்துக் குலுக்கினேன். இளநீர்க் காய்ந்த தேங்காய் போலச் சலசலத்தது. வெட்டிப் பார்க்கலாமா என்று பேரனைக் கேட்டேன். வேண்டாம் தாத்தா, உள்ளே கிளைக்கால் இருக்கும், பூனை நக்கினால் ஆபத்து என்றான். பரணில் போட்டுவிட்டேன்.

இதை எழுதும்போது சில்லின் சூடு 46 டிகிரி. கடிதங்களில் முதலாவது, அப்பா கப்பலில் ஏறிய வாரம் எழுதியது. அடுத்த பதிவில் அதைத் தருகிறேன்.